எந்தச் சாப்பாடு எந்த அளவை ஏற்றுகிறது? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு லேப் ரிப்போர்ட்டோடுதான் வருவார்கள். கூடவே ஒரு முடிவும் இருக்கும்: "முட்டையை விட்டுட்டேன், தேங்காயை விட்டுட்டேன், ஆனாலும் குறையல." ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஒன்றை ஏற்றும் சாப்பாடு இன்னொன்றைத் தொடாமலே போகலாம். சில அளவுகளை எந்தச் சாப்பாடும் அசைக்காது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மாத்திரை பற்றிய முடிவு உங்கள் டாக்டருடையது.

கொழுப்பு ரிப்போர்ட்டில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லோரும் முதல் வரியைப் பார்க்கிறார்கள்: மொத்தக் கொலஸ்ட்ரால். 200-க்குள் இருந்தால் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அந்த வரிதான் மிகக் குறைவாகப் பேசும் வரி.

ஜங்ஷன் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியின் ரிப்போர்ட்டைப் பாருங்கள். மொத்தம் 196. நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல். 34. ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 310. கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்.டி.எல். 100. "எல்லாம் நார்மல், அந்த டிரை மட்டும் கொஞ்சம் கூட" என்று அவர் நினைத்திருந்தார்.

பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. 1972-ல் ஃப்ரீட்வால்ட் என்பவரும் அவரோடு இருந்தவர்களும் கொடுத்த சூத்திரப்படி கணக்குப் போடுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். அண்ணாச்சிக்கு 196-லிருந்து 34, அப்புறம் 62, மிச்சம் 100. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும். 400-ஐத் தாண்டினால் கணக்கே செல்லாது.

இப்போது வேறு மாதிரி கழித்துப் பாருங்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் எடுத்தால் 162. ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடிய கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்த அளவு இதுதான். பொதுவாக இது 130-க்குள் இருக்க வேண்டும். முதல் வரியை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது.

எண்ணெயே தொடுவதில்லை. டிரைகிளிசரைடு ஏன் குறையவில்லை?

அந்த அண்ணாச்சியும் இதைத்தான் கேட்டார். மதியம் எவ்வளவு சோறு என்று கேட்டேன். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. கடையில் உட்கார்ந்தபடி சர்க்கரை போட்ட டீ நாலைந்து, கூட மிக்சர்.

சோற்று மாவுச்சத்து குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வருகிறது. ஈரலிலும் தசையிலும் அதைச் சேர்த்து வைக்க இடம் கொஞ்சம்தான். அது நிரம்பிவிட்டால் மிச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றி வி.எல்.டி.எல். என்ற துகள்களில் ஏற்றி ரத்தத்தில் விடும். சர்க்கரையில் பாதியாக இருக்கும் ஃபிரக்டோஸ் பெரும்பாலும் நேராக ஈரலுக்கே போவதால் இந்த வேலை இன்னும் சுலபம். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் தொப்பைக் கொழுப்பும் கரைந்து ஈரலுக்குத்தான் வந்து சேரும். மது குடிப்பவர்களுக்கு அதற்கு மேலும் ஒரு பங்கு.

டிரைகிளிசரைடு கூடியவர்களுக்கு எச்.டி.எல். குறைவாக இருப்பதும் தற்செயல் இல்லை. வி.எல்.டி.எல். துகள்கள் தம் கொழுப்பை எச்.டி.எல்.லுக்குக் கொடுத்துக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கின்றன. அப்படிக் கொழுப்பேறிய எச்.டி.எல். ரத்தத்தில் அதிக நாள் தங்காமல் கழிந்துவிடும். எல்.டி.எல்.லும் இதே கொடுக்கல் வாங்கலில் சின்னதாகவும் அடர்த்தியாகவும் மாறுகிறது. துகள்களின் எண்ணிக்கை கூடுகிறது, ஆனால் ரிப்போர்ட்டில் அளவு சாதாரணமாகத் தெரியும். நம் நாட்டு மக்களிடம் அதிகம் பார்க்கும் கோலம் இதுதான். எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டுச் சோற்றை அப்படியே வைத்திருந்தால் இது அசையாது.

நான் ஒல்லிதான். எனக்கு எப்படிச் சுகர் வரும்?

2004-ல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டு ஒரு பக்கம் வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை பார்க்கும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து, தசை குறைந்து, வயிற்றுக்குள் மட்டும் கொழுப்பு. நம் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான்.

அதனால் எடை மெஷினை விட இஞ்சு டேப் மேல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. "எனக்கு பேன்ட் சைஸ் 34 தான்" என்பது கணக்கில் சேராது. பேன்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது.

சோற்றை விட முடியாது. என்ன செய்ய?

விட வேண்டாம். தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லை விளையவைத்துவிட்டு ஊர்க்காரர்களைச் சோறு தின்னாதே என்று சொல்வதில் அர்த்தமில்லை. அளவும் கூட்டும்தான் விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இன்டியாப் ஆய்வில், நாட்டு மக்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருகிறது என்று கண்டார்கள். அதில் ஒரு சிறு பங்கைப் பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினாலே சர்க்கரை நோய் அபாயம் குறையும் என்பதும் அதே ஆய்வு சொன்னது.

இதற்கு நம்மிடமே பழக்கம் இருக்கிறது. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். கருப்பு உளுந்து அரிசியோடு சேர்ந்து வேகும்போது அதே ஒரு தட்டில் மாவுச்சத்து குறைந்து புரதமும் நாரும் ஏறுகின்றன. கூடவே அவியல் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் உளுந்தைக் கைப்பிடி அளவு கண்ணில் காட்டிவிட்டுச் செய்கிற வீடுகள் உண்டு. அது பெயருக்குத்தான் உளுந்தஞ்சோறு.

அரிசி எது என்றால், பச்சரிசியை விடப் புழுங்கல் மேல். புழுக்கும்போது மேல்தோலில் உள்ள பி1 வைட்டமின் உள்ளே இறங்கிவிடும், சர்க்கரையும் கொஞ்சம் நிதானமாக ஏறும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அம்பை 16 ஆனாலும் சரி, பொன்னி ஆனாலும் சரி, வெள்ளை வெளேரென்று தீட்டினால் பெரிய வித்தியாசம் இல்லை.

பழைய சோறு? ஆறிய சோற்றில் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையாக மாறுவது உண்மைதான். அதற்காக ஒரு சட்டி குடிக்கலாம் என்று அர்த்தமில்லை.

கேழ்வரகுக் கூழ் சுகருக்கு நல்லதுதானே?

தானியம் நல்லது, கூழ் அப்படியில்லை. மாவாக நைசாக அரைத்துக் கரைத்துக் குடிக்கும்போது மெல்லும் வேலையும் போய்விடுகிறது, செரிக்கும் நேரமும் குறைகிறது. குதிரைவாலி, வரகைச் சோறாக வடித்துக் காய்கறியோடு சாப்பிடுவது நல்லது. அதுவும் அளவாகத்தான்.

தேங்காய், தேங்காயெண்ணெய், சொதி: எதை விடணும்?

இங்கே இரண்டு கட்சி உண்டு. ஒன்று, "தேங்காய் விஷம்." இன்னொன்று, "ஆச்சி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம், அமிர்தம்." நான் இரண்டிலும் இல்லை.

தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைகொழுப்பு, அதாவது சாச்சுரேட்டட் ஃபேட். நெய்யில் கூட அறுபது சொச்சம்தான். ஈரலின் மேற்பரப்பில் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்ததற்குத்தான் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-ல் நோபல் பரிசு. நிறைகொழுப்பு கூடினால் அந்த ஏற்பிகள் குறையும், எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றும். 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் வந்த கணக்குப்படி, மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.லை ஏறக்குறைய 10 புள்ளி கூட்டுகிறது. எச்.டி.எல்.லும் 4 புள்ளி ஏறுகிறது. "நல்லதும்தானே ஏறுது" என்று இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எச்.டி.எல்.லை மருந்தால் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு அதற்கேற்பக் குறையவில்லை. எனவே அதை வரவு வைக்காதீர்கள்.

தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்கு வருவோம். காய்கள் வேகுவது மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும். கெட்டியான முதல் பால் கடைசியில், அடுப்பை அணைக்கும் நேரத்தில் சேர்கிறது. கொழுப்பு பெரும்பாலும் அதில்தான். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குச் சொதி ஊற்றுவதை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை, தேவையும் இல்லை. வீட்டில் வாரா வாரம் வைப்பவர்கள் முதல் பாலைப் பாதியாக்கி, பாசிப்பருப்பைக் கூட்டினால் போதும். பக்கத்தில் வைக்கும் உருளைக்கிழங்கு சிப்ஸ்தான் என் கண்ணை உறுத்துகிறது.

அவியலில் அரைத்துப் போடும் ஒரு கை தேங்காயில் நாரும் சேர்ந்தே வருகிறது. அது வேறு கணக்கு. அன்றாடத் தாளிப்புக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். ரேஷன் பாமாயிலில் நிறைகொழுப்பு இந்த இரண்டையும் விட இரண்டு மடங்குக்கு மேல்.

முட்டை மஞ்சள் கரு?

ஒரு கருவில் 200 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை ஈரலே செய்கிறது. சாப்பாட்டில் கூடினால் அது தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு முட்டை பிரச்சினை இல்லை. சுகர் இருப்பவர்களும், பரம்பரையாக எல்.டி.எல். மிக அதிகம் உள்ள குடும்பத்தினரும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி காபி குடிக்கலாமா? சர்க்கரை இல்லையே!

சர்க்கரைதான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ருசியிலும் மணத்திலும் அதற்கு ஈடில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ், கடைச் சீனியில் இருக்கும் அதே பொருள். தாதுக்கள் கொஞ்சம் உண்டு, அவை ஒரு டம்ளர் காபியில் எந்த மூலைக்கும் போதாது. "கருப்பட்டிதானே" என்று இரண்டு மடங்கு தட்டிப் போடுவதால் கடைசியில் சீனிக் காபியை விட மோசமாகப் போய் முடிந்த கதைகள் நிறைய. பதநீரும் அப்படித்தான். நுங்கு சாப்பிடலாம், அதில் பெரும்பாலும் தண்ணீர்.

அல்வா?

கோதுமைப் பால், சர்க்கரை, நெய். டிரைகிளிசரைடுக்கு ஒன்று, எல்.டி.எல்.லுக்கு ஒன்று என்று இரண்டு பக்கமும் இடிக்கிற பண்டம் அது. நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு வாழையிலையில் சூடாக ஒரு விள்ளல் வாங்கிச் சாப்பிட்டதால் யாருக்கும் மாரடைப்பு வந்ததில்லை. வெளியூர்ச் சொந்தத்துக்கு என்று வாங்கி வீட்டு அலமாரியில் வைக்கும் அரைக்கிலோதான் ஆபத்து. சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அந்த விள்ளலும் வேண்டாம்.

ராத்திரி பரோட்டா சால்னா பற்றி?

தென்காசிச் சாலையில் ராத்திரி ஒன்பது மணிக்கு எந்தக் கடையிலும் இடம் கிடைக்காது, அதனால் இதைக் கேட்காமல் போகிறவர்கள் குறைவு. மைதாவில் நார் மிகக் குறைவு. சர்க்கரை வேகமாக ஏறும். அதை எண்ணெயில் ஊறவைத்து வீசி, மறுபடி எண்ணெயில் போடுகிறார்கள். பொரிச்ச பரோட்டா என்றால் கேட்கவே வேண்டாம்.

முன்பு பெரிய பயம் வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு. எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லையும் இறக்கும் ஒரே கொழுப்பு அது. 2022 ஜனவரி முதல் எண்ணெய், வனஸ்பதியில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்துவிட்டது. திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய்க்கும் விதி உண்டு: கெட்டுப்போனதைக் காட்டும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. பஜ்ஜிக் கடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, வாடை அடித்தால் அளக்காமலே நகர்ந்துவிடுங்கள்.

மீன் சாப்பிட்டால் இதயத்துக்கு நல்லதாமே. எந்த மீன்?

சாளை. விலை அதிகமான சீலாவைத் தேட வேண்டாம். உவரி, கூத்தங்குழிப் பக்கமிருந்து வரும் சாளையும் நெத்திலியும் ஒமேகா-3 என்ற கொழுப்பு நிறைந்தவை. அது ஈரல் டிரைகிளிசரைடு செய்வதைக் குறைக்கும். வாரம் இரண்டு நாள், குழம்பாக. மொறுமொறுவென்று பொரித்தால் ஒமேகா-3 கொஞ்சம் சட்டியில் போய், சட்டி எண்ணெய் மீனுக்குள் வரும். கருவாடு ஒமேகா-3 கணக்கில் தேறினாலும் உப்புக் கணக்கில் தோற்றுவிடும். மீனெண்ணெய் மாத்திரை, நோய் இல்லாத சாதாரண ஆளுக்கு, செலவுதான்.

நாங்கள் சுத்த சைவம். பி12 குறைவு என்கிறார்கள். அது இதயத்தைப் பாதிக்குமா?

பி12 செடி கொடிகளில் கிடையாது. சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. ஒரு நாளைக்கு அரை டம்ளர் மோரில் அது தேறாது. சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு உறிஞ்சுவதும் குறையும். பி12 குறைந்தால் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ரத்தத்தில் தேங்கும். அது அதிகமுள்ளவர்களுக்கு இதயநோய் அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் 2006-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் வைட்டமின் கொடுத்து ஹோமோசிஸ்டீனை இறக்கியும் மாரடைப்பு குறையவில்லை. ஆகவே பி12 மாத்திரை நரம்புக்கும் ரத்தத்துக்கும் அவசியம், இதயத்துக்குக் காப்பு என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று. ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி சர்க்கரை (எச்.பி.ஏ1சி) பொய் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவில் அது உள்ளதை விடக் கூடக் காட்டலாம். 5.7-லிருந்து 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய் என்பது கணக்கு. ஹீமோகுளோபின் 9-ல் இருக்கும் பெண்ணுக்கு 6.5 வந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

அப்பாவுக்கு 42 வயதில் மாரடைப்பு. அவர் பீடி சிகரெட் தொட்டதில்லை. எனக்கு எதைப் பார்க்கணும்?

லைப்போபுரோட்டீன்-ஏ. 1963-ல் நார்வேக்காரர் கோரே பெர்க் கண்டறிந்தது. எல்.டி.எல். போன்ற துகள்தான், மேலே கூடுதலாக ஒரு புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறப்பிலேயே அளவு தீர்மானமாகிவிடும். சோறு, எண்ணெய், நடை, எதுவும் அதைத் தொடாது. தெற்காசியர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது கூடுதல். சாதாரணக் கொழுப்பு டெஸ்ட்டில் வராது, தனியாகக் கேட்க வேண்டும், வாழ்நாளில் ஒரு தடவை போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் உங்கள் கையில் உள்ள மற்றவற்றை, அதாவது எல்.டி.எல்., பிரஷர், சுகரை, மற்றவர்களை விடக் கண்டிப்பாகப் பிடித்து வைக்க வேண்டும்.

இந்துப்புக்கு மாறினால் பிரஷர் குறையுமா?

குறையாது. அதுவும் சோடியம் குளோரைடுதான். பல பாக்கெட்டுகளில் அயோடின் வேறு இருக்காது. எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன், என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோர் மிளகாய், அப்பளம், ஊறுகாய், கருவாடு: இந்த நாலும் ஒரே தட்டில் இருந்தால் சோற்றுக்கு உப்பே போடாவிட்டாலும் அளவு தாண்டும். பொட்டாசியம் கலந்த உப்பு வேலை செய்யும், ஆனால் கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறேன். நடக்க நேரமில்லை.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்துப் பெண்கள் இதைச் சொல்லும்போது, காலையில் எழுந்து ஒரு மணி நேரம் நட என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வராது. சாப்பிட்ட கையோடு பீடித் தட்டை மடியில் எடுக்காமல், பத்துப் பதினைந்து நிமிடம் வீட்டைச் சுற்றியாவது நடங்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையில் இதன் பலன் தெரியும்.

வெந்தயம், பூண்டு எடுத்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. வெந்தயத்தின் நார் சர்க்கரை ஏறுவதை நிதானப்படுத்தும், குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றிக் கொலஸ்ட்ராலையும் கொஞ்சம் இறக்கும். கொஞ்சம்தான். கொலஸ்ட்ரால் மாத்திரை "கெமிக்கல்" என்பவர்களுக்கு ஒரு தகவல்: இந்த ஸ்டாட்டின் வகையில் முதலாவதை ஜப்பானின் அகிரா எண்டோ 1973-ல் எடுத்தது ஒரு பூஞ்சையிலிருந்து. அந்த மாத்திரை சிலருக்குச் சர்க்கரையைச் சற்று ஏற்றுவது உண்மை, ஏற்கெனவே எல்லையில் நிற்பவர்களுக்குத்தான் பெரும்பாலும். மாரடைப்பைத் தடுக்கும் லாபம் அதை விடப் பெரியது. வாங்கப் போக முடியாததால் விட்டுவிட்டேன் என்றால், 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

அடுத்த டெஸ்ட் எப்போது எடுக்கலாம்?

சாப்பாட்டையோ மாத்திரையையோ மாற்றினால் கொழுப்புக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் கழித்து. சராசரிச் சர்க்கரைக்கு மூன்று மாதம். சிவப்பணுவின் ஆயுளே 120 நாள்தான் என்பதால் அதற்கு முன்னால் எடுத்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் சேர்ந்து வரும். டிரைகிளிசரைடு கூடுதலாக உள்ளவர்கள் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள், தண்ணீர் குடிக்கலாம். முந்தைய இரவு கல்யாண வீட்டு விருந்து என்றால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். முடிந்தவரை அதே லேப்பில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுவாருங்கள்.